நாலாம் பிளாக் ரீடர்

அத்தியாயம் 6

ஃப்ரீசரில் இருந்த கோழிக்கறியைத் தொடாமல், அதற்குப் பின்னால் இருந்த பொடியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றால் வந்த திருடன் சாப்பாட்டு ராமன் இல்லை. துப்பறிவாளன் சந்தியாகு இந்த ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட நகர முடியாமல்தான், நெய்வேலி இருபத்தோராம் பிளாக்கில் நண்பன் அலெக்சாண்டர் வீட்டுச் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"பூட்டு உடையல. ஜன்னல் கம்பி வளையல. ஒரு டம்ளர்கூட இடம் மாறல," என்றாள் அவனுடைய உதவியாளர் ஏஞ்சலின். குள்ளஞ்சாவடிப் பெண். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்கு ஓய்வு கொடுத்ததில்லை. "இவ்ளோ சுத்தமா திருடிக்கினு போறவன் வடலூர்ல நம்ம ஆபீசுக்கும் ஒரு தடவை வந்தா நல்லா இருக்கும் சார். ஒட்டடையாவது அடிச்சிட்டுப் போவான்."

"பேசாம ஃப்ரீசருக்குள்ள பாரு."

அவள் கையை விட்டு ஐஸ் டிரே ஒன்றை இழுத்தாள். அது கட்டியாக வந்தது. கீழே இருந்த இன்னொன்றை இழுத்தாள். அதிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவள் சுடிதாரில் கொட்டியது.

"ஐயோ! இது இன்னும் உறையவே இல்ல சார். எனக்குன்னு எடுத்து வச்ச தீர்த்தம்போல."

"சிரிக்கிற நேரமா இது?" என்று அதட்டிவிட்டு, சந்தியாகு அந்த டிரேயைக் குழாயில் நிரப்பித் திரும்ப உள்ளே வைத்தான். வைத்தவன் அதைப் பற்றி ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சிரிக்கிற நேரம் இல்லைதான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெயசெல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. சென்னையில் ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறவள். விடுமுறை கிடைத்தால் இங்கே கணவன் அலெக்சாண்டரின் குவார்ட்டர்சுக்கு வருவாள். இன்று காலை மாதா கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே தோழி வீட்டில் சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, பொடி இருந்த குப்பியைக் காணவில்லை. சுண்டு விரல் அளவு பிளாஸ்டிக் குப்பி.

"சென்னையில வேற இல்லையாம்மா?"

"இருந்ததெல்லாம் வீணாப் போச்சுண்ணே. ஊரெல்லாம் கரண்ட் கட். ஒருநாள் ஜெனரேட்டரும் படுத்துடுச்சு. ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். தமிழ்நாட்டுலயே கரண்ட் போகாத ஊரு இதுதானே? அதனாலதான் ஐஸ் பெட்டியில வச்சு இங்க எடுத்துட்டு வந்தேன்." அவள் ஃப்ரீசரைப் பார்த்தாள். "நம்ம வீட்டைவிடப் பத்திரமான இடம் எதுன்னு நெனச்சேன்."

"அந்தப் பொடி என்ன செய்யும்? தமிழ்லயே சொல்லு. என் இங்கிலீஷ் எஃப்.ஐ.ஆரோட நின்னுபோச்சு."

சந்தியாகு போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவன். அந்த நாட்களில் சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கூடவே நின்றவன் அலெக்சாண்டர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சந்தியாகுவின் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் மோதிரத்தைக் கையில் வைத்திருந்ததும் அவன்தான். அவன் போன் செய்து கூப்பிட்டதால்தான் கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சந்தியாகு ஓடி வந்திருந்தான்.

ஜெயசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே புத்தகந்தான். எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு ஓரத்துல சின்னச் சின்னக் குறி இருக்கும். அந்தக் குறியைப் படிக்கிறதுக்குன்னே சில புரதம் இருக்கு. மைன்ஸ்ல ஷிஃப்ட் போர்டுல சாக்பீஸ்ல எழுதிப் போடுவாங்கல்ல? ஒருத்தன் அதைப் படிச்சிட்டுப் போய் மெஷினைப் போடுவான். அந்த ஆளு மாதிரிதான் இந்தப் படிக்கிற புரதம். சில புத்துநோய்ல இவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சு, வளரு வளருன்னு மெஷினை நிறுத்தாம ஓட்டுறான்."

"அப்ப போர்டை அழிச்சிட வேண்டியதுதானே?" என்றாள் ஏஞ்சலின்.

"அழிச்சா மத்த வேலையும் சேர்ந்து கெட்டுடும். என் பொடி போர்டைத் தொடாது. படிக்கிறவன் கண்ணுல போய் உக்காந்துக்கும். குறி அங்கேயேதான் இருக்கும். அவனுக்குத் தெரியாது. மெஷின் நின்னுடும்." அவள் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "குப்பி இருந்தாத்தான் இது என் கண்டுபிடிப்புன்னு பதிய முடியும். இன்னொரு கம்பெனிக்காரன் கையில கிடைச்சா பிரிச்சுப் பார்த்து அவன் பேர்ல பதிஞ்சுக்குவான். நான் இத்தனை வருஷம் பட்டதெல்லாம் ஒண்ணுமில்லாமப் போயிடும்ணே."

அப்போது அலெக்சாண்டர் உள்ளே வந்தான். முதல் ஷிஃப்ட் முடித்து வந்த யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. தோளில் ஷிஃப்டுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க், கையில் நூல் கட்டிய பிளாஸ்டிக் கவரில் சூடான டீ. நூலை அவிழ்த்து டம்ளர்களில் ஊற்றினான்.

"குடி மச்சான். நீ வந்ததுக்கு அப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. காலையிலேர்ந்து மைன்ஸுக்குள்ள இருந்தேன். வந்து பார்த்தா இவ அழுதுகிட்டு நிக்கிறா. போலீசுக்குப் போறேன்னா. நான்தான், நம்ம சந்தியாகு இருக்கறப்ப போலீஸ் எதுக்குன்னேன்."

சந்தியாகுவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏஞ்சலின் மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே, "தோள்ல பிளாஸ்க்கை மாட்டிக்கினு கவர்ல டீ வாங்கற ஆளை இப்பதான் சார் பாக்கறேன்," என்று முணுமுணுத்தாள். சந்தியாகு அவளை முறைத்தான்.

துப்பு என்று ஒன்று கிடைத்தது வாசலில்தான்.

கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் கூடையை இறக்கி வைத்து, ஒரு அம்மாள் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தாள். காடாம்புலியூர் நாகம்மாள். பலாப்பழக் காலம் வந்தால் டவுன்ஷிப்பில் அவள் கூடை ஏறி இறங்காத பிளாக் கிடையாது.

"மத்தியானம் இந்த வூட்டாண்ட வந்தீங்களாக்கா?" என்று ஏஞ்சலின் ஒரு சுளையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வந்தேங்க. சுளை வேணுமான்னு கூவிக்கினே நின்னேன். உள்ள ஒரு ஆம்பள போன்ல பேசிக்கினு இருந்தாங்க. கதவத் தொறக்கவே இல்ல. சரி, வேற வூட்டுக்குப் போவலாம்னு போயிட்டேன்."

"ஆளைப் பாத்தீங்களா? என்ன பேசுனாரு?"

"ஆளப் பாக்கலீங்க. பாதி இங்கிலீஷு. நாலாம் பிளாக்கு ரீடரைப் பத்திப் பேசிக்கினு இருந்தாங்க. அவரத்தான் பாக்கப் போவாங்களாட்டம் இருக்கு."

அலெக்சாண்டர் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சட்டென்று தொடையில் தட்டினான்.

"சக்கரபாணி! காலேஜ்ல ரீடரா இருந்து ரிட்டயர் ஆனவர். நாலாம் பிளாக்ல பையன் குவார்ட்டர்ஸ்லதான் இருக்கார். அவர் மருமகன் மருந்துக் கம்பெனியில இருக்கான்டா மச்சான்! உடனே போ!"

மருந்துக் கம்பெனி மருமகன் என்றதும் சந்தியாகுவின் ரத்தம் சூடேறியது. பழைய மாருதியைக் கிளப்பி, இரண்டு பக்கமும் மரங்கள் நிழல் பரப்பிய சாலையில் விரட்டினான்.

"ரீடர்னா என்ன சார்? கரண்ட் மீட்டர் பாக்கறவரா?"

"லெக்சரருக்கு மேல, புரொபசருக்குக் கீழ."

"அப்ப நம்ம மாதிரி நடுவுல மாட்டுன ஆளு."

ரீடர் சக்கரபாணி வேட்டியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சந்தியாகு சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார்.

"என் மருமகன் மருந்துக் கம்பெனியில் இருக்கிறானா? நல்ல சேதி. எனக்கு இரண்டும் பையன்கள். மருமகன் எந்த வழியாக வந்தான் என்று உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொன்னால் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பேன்."

ஏஞ்சலின் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சந்தியாகுவுக்குக் காது சூடானது. யாரோ தப்பாகச் சொன்னதை அலெக்ஸ் நம்பியிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அந்த நண்பனுக்காகச் சமாதானம் தேடுவது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போயிருந்தது.

"நான் தமிழ் வாத்தியார். உட்காருங்கள்," என்றார் சக்கரபாணி. "அந்த அம்மாள் என்ன சொன்னாள்? அப்படியே சொல்லுங்கள்."

"நாலாம் பிளாக் ரீடரைப் பத்திப் பேசுனாங்கன்னு சொன்னாங்க சார்."

"அது அந்த அம்மாள் புரிந்துகொண்டது. அதாவது உரை. உள்ளே இருந்தவன் பேசினானே, அந்த மூலம் எங்கே?"

சந்தியாகு விழித்தான்.

"ஒரு வரி இருக்கிறது. அதற்கு ஒருவர் உரை எழுதுகிறார். மூலத்தைத் தொலைத்துவிட்டு உரையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினால், இப்படித்தான் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டிவரும். பிளாக் என்ற சொல்லைக் காதில் வாங்கினால் இந்த ஊரில் எல்லாருக்கும் வீடுதான் ஞாபகம் வரும். பேசியவன் அதை வீடு என்ற பொருளில்தான் சொன்னானா? அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? போய் மூலத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், தம்பி."

காருக்குத் திரும்பும்போது ஏஞ்சலின் சொன்னாள். "சார், மூணு வருஷம் காலேஜ்ல தமிழ் படிச்சேன். இவரு எனக்குப் பாடம் எடுத்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேன்."

நாகம்மாளைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். காலிக் கூடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

"அம்மா, அந்த ஆளு பேசுனது உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி வேணாம். காதுல விழுந்த மாதிரியே சொல்லுங்க. புரியாட்டாலும் பரவால்ல."

நாகம்மாள் கண்ணை மூடினாள். பிறகு ஒரு ஆணின் குரலை அப்படியே வாங்கிக்கொண்டு சொன்னாள். "ரீடரு ஃபோரு மட்டுந்தான் சார் பிளாக்கு ஆவுது. மத்த எந்த ரீடரையும் தொடல. அதான் இதுல விசேஷமே." கண்ணைத் திறந்தாள். "ஃபோருன்னா நாலுதானே? நாலாம் பிளாக்குல ரீடரு வூட்டுல ஏதோ அடைச்சிக்கினு கீது, சாக்கடையாட்டம், அப்பிடின்னு நெனச்சேங்க. தப்புங்களா?"

"தப்பு உங்க மேல இல்லம்மா," என்றான் சந்தியாகு. அவன் கை தானாகச் செல்போனை எடுத்து ஜெயசெல்வியின் எண்ணை அழுத்தியது.

"ஜெயா, அந்தப் படிக்கிற புரதத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?"

"ரீடர்ணே. ரீடர் புரோட்டீன்."

அவன் காரின் மீது சாய்ந்துகொண்டான். தமிழிலேயே சொல் என்று கேட்டவன் அவன்தான்.

"அது எத்தனை இருக்கு?"

"நிறைய. நான் பார்க்கறது ஒரு சின்னக் குடும்பம். எல்லாம் ஒரே சாடையா இருக்கும். மத்தவங்க செய்யற மருந்து எல்லாத்தையும் சேர்த்து அடைச்சிடும். அதனால உடம்பு தாங்காது."

"உன் பொடி நாலாவதை மட்டும் அடைக்குது. மத்ததைத் தொடாது. அப்படித்தானே?"

மறுமுனையில் பிரஷர் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"அண்ணே," என்றாள் மிகவும் மெதுவாக. "அதை உங்களுக்கு யார் சொன்னா? அதை நான் எங்கேயும் எழுதல. லேப்ல யாருக்கும் தெரியாது. போன வாரந்தான் உறுதியாச்சு. நேத்து ராத்திரி, இவர்கிட்ட மட்டும்..."

சந்தியாகு போனை வைத்தான்.

ஏஞ்சலின் அவன் முகத்தைப் பார்த்தாள். "சார்," என்றாள் பிறகு. "அந்த ஐஸ் டிரே. திருடன் ஐஸை எடுத்துக்கினு போனான்னா சரி. குப்பி சூடாகக் கூடாது. ஆனா எந்தத் திருடன் சார் மறுபடி டிரேயில தண்ணி ஊத்தி, தொடச்சி, உள்ள வச்சிட்டுப் போவான்? பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிப் பழகுனவன்தான் அப்பிடிச் செய்வான்."

தோளில் மாட்டிய பிளாஸ்க்கும் நூல் கட்டிய டீயும் சந்தியாகுவின் கண்முன்னால் வந்து நின்றன. முகம் வெளுத்ததும் நின்றது. இல்லாத மருமகனும் நின்றான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். எதையுமே படிக்கவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. காரைத் திருப்பினான்.

இருபத்தோராம் பிளாக்கில் அலெக்சாண்டர் பைக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். ஹேண்டிலில் பிளாஸ்க் தொங்கியது. ஜெயசெல்வி ஒரு கையால் பைக்கின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் டிபன் பாக்ஸ்.

"என்னடா மச்சான், கண்டுபிடிச்சிட்டியா?" என்று சிரித்தான் அலெக்சாண்டர். "எனக்கு ஓவர்டைம் கூப்பிட்டுட்டாங்க. செகண்ட் ஷிஃப்ட்ல ஆள் வரலையாம். இவ வேற, சாப்பாடு கட்டித் தரேன், இரு இருன்னு லேட் பண்ணிட்டா."

"ஒரு வாய் டீ குடு மச்சான். பிளாஸ்க்லேர்ந்து."

"காலிடா அது."

சந்தியாகு பிளாஸ்க்கைக் கழற்றி எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"காலி பிளாஸ்க்கு நல்லாப் பேசுது சார்," என்றாள் ஏஞ்சலின். அவள் குரலில் கேலி இல்லை.

மூடியைத் திறந்தான். பாதி உருகிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய சின்னக் குப்பி மிதந்தது.

அலெக்சாண்டர் பைக்கை ஸ்டாண்ட் போட்டான். அதை அவன் பொறுமையாக, இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டான். பிறகு ஜெயசெல்வியைப் பார்க்காமல் பேசினான்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும், இவ வர்றதுக்கு முந்தி வந்து எடுத்துட்டேன். வடலூர் பஸ் ஸ்டாண்டுல ஆள் நிக்கிறான். ஹைதராபாத் கம்பெனி. எனக்கு அங்க வேலை. இவளுக்கும் அங்கேயே லேப். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாம்னுதான்... இவ இங்க விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறா. நான் தனியா சமைச்சு, தனியா சாப்பிட்டு..."

"என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் ஜெயசெல்வி.

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

அவன் குனிந்து பைக் ஸ்டாண்டை மூன்றாவது தடவை சரிபார்த்தான்.

சந்தியாகுவுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்காமல் போய்விடலாம் என்றும் இருந்தது. கேட்டான். "என்னை எதுக்குடா கூப்பிட்ட? நானே உன்னைப் பிடிச்சிடுவேன்னு பயமில்லையா?"

அலெக்சாண்டர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "இவ போலீசுக்குப் போயிடுவாளோன்னுதான் பயம். உன்கிட்ட என்ன பயம்? ஊரையே சந்தேகப்பட்டாலும் நீ என் பக்கம் திரும்ப மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்து பீடத்து முன்னால் நின்ற நாள் வரைக்கும் தான் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தில் அலெக்சாண்டர் செலவழித்துவிட்டான். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடச் சந்தியாகு மன்னித்திருப்பான். தன் நட்பை எடைபோட்டு, இது இதற்குத்தான் ஆகும் என்று எடுத்துப் பயன்படுத்தியதை மன்னிக்க முடியவில்லை.

ஏஞ்சலின் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "குறி எல்லாம் அங்கேயேதான் இருந்துச்சு சார். நம்ம கண்ணுல ஒருத்தர் உக்காந்துட்டாரு. அவ்ளோதான்." உங்க கண்ணுல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"குப்பி கிடைச்சிடுச்சே தங்கச்சி," என்றான் சந்தியாகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"குப்பி கிடைச்சிடுச்சு. நாலுன்னு சொல்லிட்டாரே அண்ணே." ஜெயசெல்வி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். "எந்த ரீடர்னு தெரியாமத்தான் அவங்க இருட்டுல தடவிக்கிட்டு இருந்தாங்க. இனிமே ஓடுவாங்க. நான் முந்தணும். இப்பவே சென்னை போய்ப் பதியணும். காரை எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன்."

அவள் உள்ளே போனாள். அலெக்சாண்டர் அவள் பின்னாலேயே, "ஜெயா, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளு," என்று போனான். சந்தியாகு சமையலறை வாசலில் வந்து நின்றான். மத்தியானம் சாய்ந்து நின்ற அதே கதவு.

ஜெயசெல்வி ஃப்ரீசரைத் திறந்தாள். மத்தியானம் தண்ணீராக இருந்த டிரே இப்போது கட்டியாக உறைந்திருந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டி, ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்க்குக்குள் போட்டு, குப்பியை நடுவில் இறக்கி, மூடியை இறுக்கித் திருகினாள். அலெக்சாண்டர் என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் ஒரு வார்த்தைக்கும் திரும்பவில்லை.

பழக்கதோஷம். காலி டிரேயை எடுத்துக் குழாய்க்கு அடியில் பிடித்தாள். கல்யாணமான புதிதில் இருந்து, எடுத்தால் ஊற்றி வை, எடுத்தால் ஊற்றி வை என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் அவள்தான். கை குழாயைத் தொட்டு நின்றது.

குழாயைத் திறக்காமல், டிரேயை அப்படியே அவன் முன்னால் மேடைமேல் காலியாக வைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.